கணிதத்தை விரும்பும் பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

வெட்டாறு:

அனைவருக்கும் வணக்கம். நான் வலங்கைமான் பக்கத்தைச் சேர்ந்தவன். கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் எழுத்தராக இருக்கிறேன். என் மூத்த மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, இப்போது பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குத் தயாராகி வருகிறாள். கணிதம் என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பாடப் புத்தகத்துக் கணக்கை முடித்த பிறகு, அதையே வேறு வழியில் போட முடியுமா என்று சங்கத்திலிருந்து நான் கொண்டுவரும் பழைய நாட்குறிப்பேடுகளில் எழுதிக்கொண்டிருப்பாள். இயற்பியலும் வேதியியலும் தேர்வுக்காகப் படிக்கிறாள். மதிப்பெண்ணில் குறையில்லை, ஈடுபாடுதான் இல்லை.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் நல்ல பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் கிடைக்கும்போது வேறு யோசனை எதற்கு என்று என் மைத்துனர் கேட்கிறார். பி.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்தால் ஆசிரியர் வேலைக்குப் போகலாம் என்று பள்ளியில் சொல்கிறார்கள். மகளோ, கணிதம் மட்டும் படிக்க வேண்டும், அதற்குப் பிறகு என்ன என்று இப்போது கேட்காதீர்கள் என்கிறாள். அப்படிக் கேட்காமல் இருக்கிற வசதி எனக்கு இல்லை. அவளுக்குப் பின்னால் ஒரு தம்பி ஒன்பதாவது படிக்கிறான்.

கணிதத்தை மட்டும் படித்தவர்கள் பிறகு என்ன செய்கிறார்கள், பொறியியலில் சேர்ந்தால் இவளுடைய ஆசைக்கு அங்கே தீனி கிடைக்குமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

குடமுருட்டி:

ஐயா, வணக்கம். எனக்குப் பாபநாசம், சென்னையில் மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறேன். உங்கள் மைத்துனர் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. அதற்கு மேல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ₹1,000 அவளுடைய வங்கிக் கணக்குக்கே வரும். கட் ஆஃப் போடும் முறையும் அவளுக்குச் சாதகமானது. மொத்தம் 200-இல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50.

அதே சமயம், பொறியியல் முழுவதும் கணிதம்தான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் மாணவர்களுக்கு அணிகளும் நுண்கணிதமும், புள்ளியியலும் எண்ணியல் முறைகளும், தனிநிலைக் கணிதமும் முதல் மூன்று பருவங்களுக்குள் வந்துபோய்விடும். முதல் இரண்டும் பெரும்பாலும் சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுக்கும் வேலை. மூன்றாவதாக வரும் தனிநிலைக் கணிதத்திலும், பிறகு வரும் அல்காரிதம், கணிப்பியல் கோட்பாடு ஆகிய தாள்களிலும்தான் உங்கள் மகளைப் போன்றவர்களுக்குப் பிடித்த சரக்கு இருக்கிறது. ஒரு நிரல் எல்லா உள்ளீட்டுக்கும் சரியான விடை தரும் என்று எப்படி நிறுவுவது, எவ்வளவு வேகமான கணினி வந்தாலும் தீர்க்க முடியாத கணக்குகள் ஏன் இருக்கின்றன என்பவையெல்லாம் கணிதம்தான். என்னோடு படித்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தாள்களை எப்படியாவது தேறினால் போதும் என்று கடந்தார்கள். ரசித்துப் படித்த சிலர் இன்று எங்களைவிட நல்ல இடங்களில் இருக்கிறார்கள்.

ஆகவே என் ஓட்டு கணினி அறிவியலுக்கு. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கு நான்காண்டு முடிவில் ஒரு வேலை என்பது சிறிய விஷயம் இல்லை.

மன்னை ஆசிரியர்:

மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகள் கல்லூரியில் கணிதம் எடுத்து முதல் ஆண்டிலேயே திணறியதையும் பார்த்திருக்கிறேன். எண்பதுகளில் நின்றவர்கள் அங்கே போய் மலர்ந்ததையும் பார்த்திருக்கிறேன். இதற்குக் காரணம் பிள்ளைகளிடம் இல்லை. பள்ளிக் கணிதமும் கல்லூரிக் கணிதமும் கேட்கிற கேள்விகளே வேறு. மேல்நிலை வகுப்பில் ஒரு சார்பின் எல்லை மதிப்பைக் கண்டுபிடிக்கச் சொல்கிறோம். பிள்ளையும் தொகுதியைக் காரணிப்படுத்தி, அடித்து, விடையை எழுதிவிடுகிறது. கல்லூரியில் மெய்ப் பகுப்பாய்வுத் தாளின் முதல் வாரத்திலேயே, எல்லை மதிப்பு என்றால் என்ன, அது ஒன்றுக்கு மேல் இருக்க முடியாது என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பார்கள். அங்கே அடிப்பதற்கும் சுருக்குவதற்கும் ஒன்றும் இல்லை. வரையறையை வைத்துக்கொண்டு, ஒரு வரியிலிருந்து அடுத்த வரி ஏன் பின்தொடர்கிறது என்று யோசித்து எழுத வேண்டும். மூன்று ஆண்டுகளும் இதுதான் வேலை. குலங்கள், வளையங்கள், நேரியல் இயற்கணிதம் என்று பெயர்கள் மாறும், வேலை மாறாது.

எனவே, உங்கள் மகளுக்குக் கணிதம் பிடிக்கும் என்ற செய்தி மட்டும் எனக்குப் போதவில்லை. கணக்கு முடிந்து விடை வரும்போது கிடைக்கிற மகிழ்ச்சி அவளுக்குப் பெரிதா, அந்த விடை ஏன் அப்படித்தான் வந்தாக வேண்டும் என்று புரிகிறபோது கிடைப்பது பெரிதா என்பது தெரிய வேண்டும். முதல் வகை விருப்பமும் உயர்ந்ததுதான். அப்படிப்பட்டவர்கள் பொறியியலிலும் கணக்கியலிலும் வங்கித் துறையிலும் மிகச் சிறப்பாக வருவார்கள். இரண்டாவது வகை விருப்பம் உள்ளவர்கள்தான் கணிதப் பட்டப்படிப்பில் மகிழ்ச்சியாக இருப்பார்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு கணக்கு தருகிறேன். ஏழு முழு எண்களை உங்கள் விருப்பப்படி வரிசையாக எழுதுங்கள். ஒரே எண் திரும்ப வந்தாலும் குற்றமில்லை. அந்த வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் சில எண்களை (ஒன்றாகவும் இருக்கலாம், ஏழு எண்களாகவும் இருக்கலாம்) கூட்டினால், அந்தக் கூடுதல் 7-ஆல் மீதியின்றி வகுபடும்படி எப்போதும் தேர்ந்தெடுக்க முடியும். இது ஏன் என்று அவள் நிறுவ வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் எதுவும் இதற்குத் தேவையில்லை. விடையை யாரும் இங்கே எழுதிவிட வேண்டாம் என்று மற்றவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவள் விடை கண்டுபிடிக்கிறாளா என்பதைவிட, அதோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறாள், எழுந்த பிறகு எப்படி இருக்கிறாள் என்று தகப்பனாராகிய நீங்கள் கவனியுங்கள்.

பூந்தோட்டத்தான்:

ராமானுஜன் வளர்ந்த மண்ணில் இருந்துகொண்டு, கணிதம் படித்தால் சோறு கிடைக்குமா என்று கேட்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவரும் இப்படி யோசித்திருந்தால் இன்று கும்பகோணத்தை யார் அறிவார்கள்? பிள்ளையின் ஆசைக்கு விட்டுவிடுங்கள்.

அரசலாறு:

பூந்தோட்டத்து நண்பருக்கு: ராமானுஜன் சோற்றுக்கு யோசிக்காமல் இருந்தவர் இல்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணிதம் தவிர்த்த பாடங்களில் தேறாததால் அதை இழந்தார். சென்னையில் பச்சையப்பன் கல்லூரிக்குப் போன பிறகும் தேர்வில் தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலையில் சேர்ந்தார். 1913 ஜனவரியில் இங்கிலாந்தின் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோதும் அவர் அந்த எழுத்தர்தான். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு இந்தப் பகுதியை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ஒரு கடிதத்துக்குப் பதில் வந்ததை நம்பி இன்னொரு பிள்ளையின் படிப்பை முடிவு செய்ய முடியாது. அவர் காலத்தில் இல்லாத பாதைகள் இப்போது இருக்கின்றன; அவற்றைப் பேசுவோம்.

நான் டெல்டாவில் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்தவன். பெயர் வேண்டாம். பேராசிரியர்களில் இருவர் தங்கமானவர்கள். மற்றபடி, பருவத் தேர்வுக்கு முன் நிரூபணங்களைக் கைடு பார்த்து மனப்பாடம் செய்து, அப்படியே எழுதி, எழுபது எண்பது விழுக்காடு வாங்கி வெளியே வருவதுதான் அங்கே நடைமுறை. ஒரு தேற்றத்தில் ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் வகுப்பில் கேட்டபோது, அது சிலபஸில் இல்லை என்று பதில் வந்தது. உங்கள் மகள் நாட்குறிப்பேட்டில் எழுதிப் பார்க்கிறவள் என்றால், இந்தச் சூழல் அவளை மெல்ல மெல்ல வற்ற வைத்துவிடும் என்பதுதான் என் பயம்.

என்னைக் காப்பாற்றியது கோடைக்கால முகாம் ஒன்று. பேராசிரியர் குமரேசன் 1993-இல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். என்ற கணிதப் பயிற்சித் திட்டம் அது. தேசிய உயர் கணித வாரியத்தின் ஆதரவில் நடப்பது. இளநிலை மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். அங்கே ஆசிரியர் கரும்பலகையில் எதையும் முழுதாக எழுதித் தர மாட்டார். கேள்வியாகக் கேட்டு, நாம் தடுமாறி, நம் வாயாலேயே தேற்றத்தை வரவழைத்துவிடுவார். அந்த வாரங்களில் கற்றதை வைத்துத்தான் ஜாம் தேர்வு எழுதி, ஐ.ஐ.டி. ஒன்றில் எம்.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன். இப்போது ஆய்வுப் பட்டத்துக்குப் பிறகு கல்லூரிப் பணியில் இருக்கிறேன். ஆகவே உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்தால் கதை முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். வழி இருக்கிறது, தனியாக நடக்க வேண்டியிருக்கும்.

அதைவிட நேரான வழி, பன்னிரண்டாவது முடிக்கும்போதே நல்ல இடங்களுக்கு நுழைவுத் தேர்வு எழுதுவது. சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தில், அதாவது சி.எம்.ஐ.யில், கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஆனர்ஸ் இருக்கிறது. உங்கள் வீட்டுச் சண்டைக்குப் பாதித் தீர்வு அந்தப் படிப்பின் பெயரிலேயே இருக்கிறது. கணிதமேதை சி.எஸ். சேஷாத்ரி உருவாக்கிய நிறுவனம்; குடும்ப நிலையைப் பார்த்துக் கட்டணச் சலுகையும் தருகிறார்கள். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில், ஐ.எஸ்.ஐ. என்பார்கள், கொல்கத்தாவில் பி.ஸ்டாட்டும் பெங்களூரில் பி.மேத்தும் உண்டு. அங்கே கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஒழுங்காகப் படிக்கிறவர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை தருகிறார்கள். இரண்டு நிறுவனங்களின் தேர்விலும் விடையைக் குறித்தால் மட்டும் போதாத, காரணத்தை விரித்து எழுத வேண்டிய பகுதி இருக்கிறது. பக்கத்திலேயே வேண்டுமென்றால், திருவாரூர் நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே சேர்க்கை கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வின் வழியாக. பொதுத்தேர்வுப் பரபரப்பில் அந்த விண்ணப்பத்தின் கடைசி நாளைத் தவறவிடுகிற பிள்ளைகள் நம் மாவட்டத்தில் ஏராளம்.

நாகை புள்ளியாளர்:

எல்லோரும் கணிதம், கணினி என்ற இரண்டுக்கு நடுவிலேயே நிற்கிறீர்கள். நான் அரசின் புள்ளியியல் துறையில் பணிபுரிகிறவன். என் தொழிலையும் ஒருவர் சொல்லத்தானே வேண்டும்.

வெட்டாறு ஐயா கூட்டுறவுச் சங்கத்தில் இருப்பதால் பயிர்க் காப்பீட்டைப் பற்றி அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழையில் சம்பா மூழ்கினால், இழப்பீடு எவ்வளவு என்பதைப் பயிர் அறுவடைப் பரிசோதனையில் வரும் மகசூலை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். தை மாதத்தில் நாங்கள் வயலில் இறங்கிச் செய்யும் வேலை இது. எந்தச் சர்வே எண் என்பதைச் சமவாய்ப்பு எண்களால் தேர்ந்தெடுப்போம்; அந்த வயலுக்குள் எந்த இடம் என்பதையும் அப்படியே. தென்மேற்கு மூலையிலிருந்து நீளவாக்கில் இத்தனை அடி வைப்பு, அகலவாக்கில் இத்தனை அடி வைப்பு என்று எண் சொல்கிற இடத்தில்தான் முளைக்குச்சி அடிக்க வேண்டும். விளைச்சல் நன்றாக இருக்கும் பக்கமாகப் போங்கள் என்று ஒருவர் சொல்வார், சாய்ந்து கிடக்கும் பக்கமாகப் போங்கள் என்று வயல்காரர் சொல்வார்; இரண்டு பேருக்கும் செவி கொடுக்கக் கூடாது. 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரத்தைக் கயிறு கட்டி அளந்து, அதற்குள் உள்ளதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவோம்.

ஏன் 5 மீட்டர், ஒரு மீட்டர் சதுரம் போதாதா என்று உங்கள் மகளிடம் கேளுங்கள். கயிற்று ஓரத்தில் நிற்கும் நெற்குத்து உள்ளேயா வெளியேயா என்று ஐயம் வரும்போது, கை தன்னையறியாமல் அதையும் சேர்த்து அறுத்துவிடும். ஒவ்வொரு பக்கத்திலும் 10 சென்டிமீட்டர் இப்படிக் கூடிவிட்டது என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் சதுரம் 1.2 மீட்டராகி, பரப்பு 44 விழுக்காடு கூடிவிடும். அதே பிசகு 5 மீட்டர் சதுரத்தில் நேர்ந்தால் 5.2-இன் வர்க்கம் 27.04, கூடுதல் 8 விழுக்காடுதான். சதுரம் சிறியதாக ஆக, மகசூல் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். மகசூல் அதிகமாகத் தெரிந்தால் விவசாயிக்கு இழப்பீடு குறையும். 25 சதுர மீட்டரில் கிடைத்த நெல்லை 400-ஆல் பெருக்கித்தான் ஹெக்டேருக்குக் கணக்கு எழுதுகிறோம். தராசில் ஒரு கிலோ கூடினால் காகிதத்தில் 400 கிலோ கூடும். ஐ.எஸ்.ஐ.யை 1931-இல் நிறுவிய மகலனோபிஸும் பின்னர் வேளாண் புள்ளியியலாளர் சுகாத்மேயும் இந்த அளவுச் சதுரத்தைப் பற்றிக் கடுமையாக விவாதித்திருக்கிறார்கள்.

இந்த வேலைக்குக் கணிதமோ புள்ளியியலோ படித்தவர்களை டி.என்.பி.எஸ்.சி. தேர்வு வைத்து எடுக்கிறது. மத்திய அரசில் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு இருக்கிறது, ஐ.ஏ.எஸ். பெயர் தெரிந்த அளவுக்கு அந்தப் பெயர் நம் ஊரில் யாருக்கும் தெரியாது. புள்ளியியல் படித்தால் தூய கணிதத்தின் கதவு மூடிவிடும் என்றும் அஞ்ச வேண்டாம். 2007-இல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு பெற்ற சீனிவாச வரதன், சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்து, தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டுக்கான புள்ளியியலைக் கற்கலாம் என்ற எண்ணத்தோடு ஐ.எஸ்.ஐ.க்குப் போனவர். அங்கே உடன் இருந்த ஆய்வு மாணவர்களின் சேர்க்கையால் நிகழ்தகவுக் கோட்பாட்டின் பக்கம் திரும்பினார்.

ஒரு எச்சரிக்கை மட்டும். டேட்டா சயன்ஸ் என்று பெயர் மாற்றிப் பலகை மாட்டியிருக்கும் பட்டப்படிப்புகளில் சேர்வதற்கு முன், பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் முழுத் தாள்களாக இல்லாமல், மென்பொருள்களின் பெயர்கள் மட்டும் வரிசையாக இருந்தால் அடுத்த கல்லூரிக்கு நடையைக் கட்டுங்கள்.

கொள்ளிடக்கரை:

ஆக்சுவரி தொழிலை யாரும் குறிப்பிடவில்லை. காப்பீட்டு நிறுவனங்களில் பிரீமியம் நிர்ணயிக்கும் கணிப்பாளர்கள் அவர்கள். ஏசெட் என்ற நுழைவுத் தேர்வைப் பன்னிரண்டாவது முடித்ததுமே எழுதலாம், சம்பளமும் நல்லது. ஆனால் தாள்களை ஒவ்வொன்றாகத் தேறப் பல ஆண்டுகள் ஆகும். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு. உடனே வருமானம் வேண்டிய வீட்டுக்கு இதை மட்டுமே நம்பியிருப்பது சரிவராது, பட்டப்படிப்போடு சேர்த்து முயலலாம். நானும் பெண்ணைப் பெற்றவள் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். கொல்கத்தா தூரம் என்று வீட்டுப் பெரியவர்கள் இப்போதே தடுப்பார்கள். தேர்வு எழுதுவதற்கு முன்னால் அந்தப் பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள், இடம் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வெட்டாறு:

அனைவருக்கும் நன்றி. இனி வருவது என் மகள் எழுதியது. சொற்களை நான் திருத்தவில்லை.

மன்னை ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் கணக்கு பொய்யாக இருக்கும் என்று நினைத்து, பொருந்தாத ஏழு எண்களைக் கண்டுபிடிக்கத்தான் முதலில் முயன்றேன். ஏழும் 1 என்று எடுத்தால் எல்லாவற்றையும் கூட்டினால்தான் 7 வருகிறது. அதனால் கடைசி எண்ணை மட்டும் மாற்றினால் தப்பிவிடலாம் என்று பார்த்தேன், 2 போட்டாலும் 3 போட்டாலும் வேறோர் இடத்தில் 7 வந்துவிடுகிறது. பிறகு 2, 4, 4, 1, 5, 3, 6 என்று எடுத்து, எல்லாத் துண்டுகளையும் கூட்டிப் பார்க்க எனக்குச் சலிப்பாக இருந்ததால், முதலிலிருந்து கூட்டிக்கொண்டே போனால் வருவதை மட்டும் எழுதினேன்: 2, 6, 10, 11, 16, 19, 25. நடுவில் உள்ள எந்தத் துண்டும் இவற்றில் இரண்டின் வித்தியாசம்தானே என்று அப்போது தோன்றியது. 16-இலும் 2-இலும் 7-ஆல் வகுத்தால் மீதி 2. ஆகவே 16-இலிருந்து 2-ஐக் கழித்தால் 14, அது 4, 4, 1, 5 ஆகியவற்றின் கூடுதல்.

இனி எல்லா எண்களுக்கும். ஏழு கூடுதல்கள் இருக்கின்றன. ஏதாவது ஒன்றின் மீதி 0 என்றால் அதுவே விடை. எதுவும் 0 இல்லை என்றால் மீதிகள் 1 முதல் 6 வரைதான் இருக்க முடியும். ஏழு கூடுதல்களுக்கு ஆறு மீதிகள் என்பதால் இரண்டுக்கு ஒரே மீதி வந்தே தீரும். பெரிய கூடுதலிலிருந்து சிறியதைக் கழித்தால் மீதி 0, அந்த வித்தியாசம் அடுத்தடுத்து நிற்கும் எண்களின் கூடுதல். எனக்கு ஒரு சந்தேகம் ஐயா. இதில் 7-க்கு என்று தனியாக எதையும் நான் பயன்படுத்தவில்லை. அப்படியானால் 100 எண்களுக்கும் 100-ஆல் இது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்?

மன்னை ஆசிரியர்:

உண்மைதான் அம்மா. நூறுக்கும் உண்மை, எந்த எண்ணுக்கும் உண்மை. ஒரு சொல் மட்டும் திருத்து: முழு எண்களில் குறை எண்களும் உண்டு என்பதால் பெரியது, சிறியது என்று எழுதாமல், வரிசையில் பின்னால் வருவதிலிருந்து முன்னால் வருவதைக் கழிப்பதாக எழுது.

ஐயா, நிரூபணத்தை முடித்த பிறகு, இதில் 7-ஐ நான் எங்கே பயன்படுத்தினேன் என்று திரும்பிப் பார்க்க நான் கேட்கவில்லை. மதிப்பெண்ணுக்காகப் படிக்கிற பிள்ளை அந்த இடத்துக்கு வராது. கணிதம் படிக்க அனுப்பலாம் என்பது என் முடிவு. எங்கே அனுப்புவது என்பதில் அரசலாறு சொன்னதை அப்படியே ஏற்கிறேன். எந்தக் கல்லூரியில் வேண்டுமானாலும் பி.எஸ்சி. கணிதம் என்று நான் சொல்ல மாட்டேன்.

குடமுருட்டி:

அருமையாக எழுதியிருக்கிறாள் தங்கை. இருந்தாலும் என் பேச்சை நான் விட்டுக்கொடுக்கவில்லை. இப்படி யோசிக்கிற பெண் அல்காரிதம் வகுப்பில் உட்கார்ந்தால் அங்கேயும் ஜொலிப்பாள். சி.எம்.ஐ.யிலும் ஐ.எஸ்.ஐ.யிலும் இடங்கள் மிகக் குறைவு. நாடு முழுவதிலிருந்தும் ஒலிம்பியாட் பயிற்சி எடுத்த பிள்ளைகள் வந்து நிற்பார்கள். அவை கிடைக்காமல் போனால், சுமாரான பி.எஸ்சி.யைவிட அரசு செலவில் நல்ல பொறியியல் கல்லூரி மேல். நிறுவனங்களின் பெயரைச் சொல்லி ஒதுக்கீட்டு இடத்தைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

அரசலாறு:

இதில் எனக்கும் குடமுருட்டிக்கும் அதிக தூரம் இல்லை. அந்த நிலை வந்தால் நான் நீலக்குடியை முதலில் வைப்பேன், அவர் பொறியியலை வைப்பார். முடிவு அவளுடையது.

வெட்டாறு:

வீட்டில் பேசினோம். சி.எம்.ஐ., ஐ.எஸ்.ஐ., கியூட் மூன்றுக்கும் விண்ணப்பிக்கிறோம்; தேர்வு முடிவு வந்ததும் பொறியியல் கலந்தாய்வுக்கும் பதிவு செய்கிறோம். முதல் இரண்டில் ஒன்று கிடைத்தால் அங்கே சேர்ப்பது என்று என் மைத்துனர் முன்னிலையிலேயே முடிவாகிவிட்டது. சிறுசேரி என்றால் சென்னைதானே என்று என் தாயாரும் சம்மதித்துவிட்டார். கிடைக்காவிட்டால் நீலக்குடியா பொறியியலா என்பதை மகள் அப்போது சொல்கிறேன் என்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள், விரித்து எழுத வேண்டிய விடைகளை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவாள் என்பதுதான் இப்போது அவளுடைய கவலை.

அரசலாறு:

தங்கைக்கு: நானும் தமிழ் வழியில் படித்தவன்தான். நிரூபணம் எழுத இலக்கிய ஆங்கிலம் வேண்டியதில்லை. 'என்க', 'ஆகவே', 'ஏனெனில்', 'இது முரண்பாடு', 'ஒவ்வொரு', 'ஏதேனும் ஒரு' ஆகியவற்றுக்கு உரிய ஆங்கிலச் சொற்கள் சரளமாக வந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். கடைசி இரண்டில் மட்டும் மிகக் கவனமாக இரு. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்று வந்தால் நிரூபணமே கவிழ்ந்துவிடும். நீ இங்கே தமிழில் எழுதிய விடையை அப்படியே ஆங்கிலத்தில், ஒரு வரிக்கு ஒரு கூற்று என்று எழுதிப் பார். சி.எம்.ஐ.யும் ஐ.எஸ்.ஐ.யும் தங்கள் பழைய வினாத்தாள்களை இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. பொதுத்தேர்வு முடியும் வரை வாரத்துக்கு ஒரு கணக்குக்கு மேல் தொடாதே. இயற்பியலையும் வேதியியலையும் விட்டுவிட்டால் கலந்தாய்வில் கை கடிக்கும். தேர்வு முடிந்த பிறகு ஒவ்வொரு வினாத்தாளையும் கடிகாரம் வைத்து எழுது. திருத்துவதற்கு ஆள் வேண்டுமென்றால் இங்கே போடு, மன்னை ஐயாவும் நானும் பார்க்கிறோம்.